அட்டை இல்லாத பிள்ளையின் காது

பூட்டிய இல்லம் ஒன்றில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு என்னென்ன வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். பி.காம். படித்தவன், டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவன், அதுவரை ஒரு குழந்தைக்குக்கூட ஜுர மருந்து ஊற்றிக் கொடுத்தறியாதவன். அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்ததற்காக எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. கொடுத்தவர்களுக்கு வெட்கம் இருந்ததாகவும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஷார்ஜா ரோலாவில் ஐந்து பேரோடு ஒரு ரூமில் இருந்தேன். காலையில் பஸ் பிடித்து துபாய்க்குப் போய் ஒரு கன்சல்டன்சி ஆபீஸில் உட்கார்ந்து சாயங்காலம் வரை டைப் அடிப்பேன். கன்சல்டன்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மேசை, ஒரு பிரின்டர், ஸ்பைரல் பைண்டிங் போடும் மெஷின் ஒன்று. ஒரு துறைக்கோ கம்பெனிக்கோ கேன்டீன் நடத்த ஆள் வேண்டும், பஸ் ஓட்ட ஆள் வேண்டும், கிளினிக் நடத்த ஆள் வேண்டும் என்றால், டெண்டர் விடுவதற்கு முன்னால் தனக்கு என்ன வேண்டும் என்று அது எழுதித் தர வேண்டும். தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாதவர்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்களுக்காக நாங்கள் எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கும் தெரியாது என்பதை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மேனேஜர் சென்னைக்காரர். ஆகஸ்ட் மாத வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். அவருக்கு இருந்த திறமை ஒன்றே ஒன்றுதான்: எந்த வேலை வந்தாலும் அதற்கு ஒரு பழைய ஃபைல் வைத்திருப்பார். அதைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு, பெயரை மாற்றி, மேல் அட்டையின் கலரை மாற்றினால் வேலை முடிந்தது. எங்களை மாதிரி ஆபீஸ்களில் அதுதான் தொழில்முறை. கேன்டீனுக்கு எழுதியது ஆஸ்பத்திரி சமையலறைக்குப் போகும், அங்கிருந்து சிறைச்சாலைக்குப் போகும். புதிதாக ஒரு வரி யோசித்து எழுதுகிறவனை அவர் நேரத்தை வீணடிக்கிறவன் என்று திட்டுவார். நானும் சீக்கிரமே யோசிப்பதை விட்டுவிட்டேன், நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கினேன்.

இல்லத்தைப் பற்றி எங்களுக்கு வந்த தகவல் ஒன்றரைப் பக்கம். எந்த எமிரேட் என்று நான் சொல்லப்போவதில்லை. சுற்றிலும் உயரமான சுவர், வெளியே பூட்டு, உள்ளே பெண் பிள்ளைகளும் சிறு குழந்தைகளும். சிலர் வீட்டை விட்டு ஓடிப் பிடிபட்டவர்கள். சிலர் ஏதோ சின்னக் குற்றம் செய்தவர்கள். பாதிப் பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். தாய் ஜெயிலில் இருந்தாள், அல்லது பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை, ஆகவே உள்ளே வைத்திருந்தார்கள். இவர்களுக்கு டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் கொடுக்க வெளியே ஒரு கிளினிக் கம்பெனியை அமர்த்த வேண்டும். கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத வேண்டியது நாங்கள்.

"கொழந்தைங்களாச்சே சார், ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு எழுதலாமா?" என்று கேட்டேன். அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகாமல் இருந்தேன்.

"என்னத்தப் பாக்கப் போற? நீ கொழந்தையே பாத்ததில்லையா?" என்றார் மேனேஜர். "அல் கூஸ் கேம்ப் கிளினிக் ஃபைல் இருக்குல்ல, அதை எடு. அங்கயும் கேட்டு, காம்பவுண்டு, வாட்ச்மேன். இங்கயும் அதேதான். லேபர்ங்கிற எடத்துல ரெசிடென்ட்னு போடு. செவ்வாய்க்கிழமை என் டேபிள்ல இருக்கணும்."

அல் கூஸில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்கு நாங்கள் முந்தின வருடம் எழுதியது அந்த ஃபைல். அறுபத்துச் சொச்சம் பக்கம். கம்ப்யூட்டரில் தேடி மாற்றும் பட்டனை ஒரு தரம் அமுக்கினேன். நானூறு தொழிலாளிகள் ஒரு நொடியில் இல்லத்துப் பிள்ளைகள் ஆனார்கள். முதுகு வலிக்கு பெல்ட் அப்படியே இருந்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உப்பு மாத்திரை அப்படியே இருந்தது. உயரத்தில் ஏறினால் தலை சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் இருந்தது. காய்ச்சல் வந்து குணமான பிள்ளைக்கு 'டியூட்டிக்குத் தகுதி' என்று ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. எந்த டியூட்டி என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அதில் நான் யோசித்துச் செய்த மாற்றம் ஒன்று உண்டு. மெஷின் சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு கருவி வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பிள்ளைகளுக்கு எங்கே மெஷின் சத்தம் என்று அதை நீக்கிவிட்டேன். மேனேஜரிடம் போய் சொல்லவும் செய்தேன். "பரவாயில்லையே, மூளையைக் கொஞ்சம் யூஸ் பண்ற" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினோராவது பிரிவைச் சொல்ல வேண்டும். ஹெல்த் கார்டு நம்பர் இல்லாத எவருக்கும் எமர்ஜென்சி தவிர வேறு சிகிச்சை கிடையாது என்று அது சொன்னது. கேம்ப்பில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஆள் வந்து இறங்கினதும் கம்பெனி விசா அடித்து கார்டு எடுத்துவிடும். பக்கத்து கேம்ப்காரன் நுழைந்து ஓசியில் மருந்து வாங்கிப் போகக் கூடாது, அவ்வளவுதான். கார்டு எடுக்க பாஸ்போர்ட்டும் விசா அடித்த பக்கமும் வேண்டும். இல்லத்தில் இருந்த பாதிப் பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டதே அந்த இரண்டும் இல்லாததால். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒன்றரைப் பக்கத் தகவலில் முதல் பத்தியிலேயே இருந்தது. அதையும் படித்தேன், பதினோராவது பிரிவையும் படித்தேன், இரண்டும் ஒரே வாரத்தில். ஒன்றோடொன்று மோதும் என்று மண்டையில் உறைக்கவில்லை.

மற்றவர்கள் மண்டையிலும் உறைக்கவில்லை. இல்லத்தை நடத்தும் அரசுத் துறையின் கமிட்டி கூடியபோது மேனேஜரின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். ஏழெட்டுப் பேர், நீளமான மேசை, பேரீச்சம்பழம், காவா என்கிற அரபிக் காப்பி, நல்ல பிஸ்கெட். எல்லார் முன்னாலும் எங்கள் புத்தகம். முக்கால் மணி நேரம் பேசினார்கள். அதில் அரை மணி நேரம் கிளினிக் வாசலில் வைக்கப்போகும் போர்டின் அளவும் நிறமும் பற்றி. ஒருவர் மட்டும், குழந்தை டாக்டர் தனியாக வேண்டாமா என்று கேட்டார். "ஜெனரல் டாக்டரே எல்லா வயதையும் பார்த்துக்கொள்வார்" என்று இங்கிலீஷில் அடித்து விட்டார் எங்கள் ஆள். கேட்டவர் தலையாட்டிவிட்டு பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டார். ஒரு பிள்ளையின் பெயரோ வயதோ நோயோ அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை. அறுபது பக்கப் புத்தகத்தைக் கையில் வைத்து எடை பார்த்து ஒரு பெரியவர், நல்ல வேலை என்று மேனேஜரின் கையைக் குலுக்கினார்.

டெண்டர் விட்டார்கள், ஒரு கிளினிக் கம்பெனி எடுத்தது, போர்டும் மாட்டினார்கள். நாங்கள் அந்த ஃபைலையும் 'சேவ் ஆஸ்' போட்டு வேறெதற்கோ உபயோகிக்க ஆரம்பித்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது. ஒப்பந்தத்தில் சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது என்ற இடத்தில் மேனேஜர் என் நம்பரைப் போட்டிருந்தார்.

"அண்ணே, தமிழாண்ணே? நல்லதாப் போச்சு. நான் அந்த ஹோம்ல டியூட்டி பாக்குற நர்ஸு. நாகர்கோயில் பக்கம்" என்றது குரல். "இங்க ஒரு பொம்பளப் பிள்ளைக்கி காதுல இருந்து சீழ் வருது. ரெண்டு மாசமா வருதாம். டாக்டரக் காட்டணும்னா கார்டு நம்பர் கேக்காங்க. கார்டுக்குப் பாஸ்போர்ட் கேக்காங்க. பாஸ்போர்ட் இருந்தா அந்தப் பிள்ள ஏன் இங்க கெடக்கப் போவுது?"

கேள்வி எவ்வளவு நேராக இருந்தது பாருங்கள். ஏழெட்டுப் பேர் கமிட்டியும் நானும் மேனேஜரும் சேர்ந்து கேட்காத கேள்வியை, ஒரு பெண் கையில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். நான் என்ன பதில் சொன்னேன்?

"சிஸ்டர், இதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. கிளாரிஃபிகேஷன் ஃபார்ம்னு கடைசிப் பக்கத்துல இருக்கு. அதுல எழுதி உங்க கம்பெனி மூலமா அனுப்புங்க. பதினாலு நாளைக்குள்ள பதில் வந்துரும்."

"பதினாலு நாளாண்ணே? காதுல சீழ் வருது."

"எனக்கு வந்தா அன்னைக்கே பாத்துடறேன்" என்றேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவனைப் போல.

சொன்னபடியே செய்தேன். ஃபார்ம் வந்த அன்றைக்கே பதில் அடித்து, மற்றக் கடிதங்களோடு சேர்த்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பதில் ஒரே வரி: பிரிவு பதினொன்றின்படி நடந்துகொள்ளவும். எது பிரச்சினையோ அதையே பதிலாகத் திருப்பி அனுப்பியிருந்தேன், அதுவும் சுறுசுறுப்பாக. ஆனால் மேனேஜர் என்னைக் கடிந்துகொண்டது அதற்காக இல்லை.

"அன்னைக்கே எதுக்குய்யா பதில் போட்ட? பதினாலு நாள்னு எதுக்கு எழுதி வச்சிருக்கோம்? பதினாலாவது நாள்தான் போடணும். கேட்டவன்ல பாதிப் பேரு அதுக்குள்ள மறந்துடுவான், மீதிப் பேருக்குப் பிரச்சினை தானா தீந்துடும்."

அந்த மனிதர் இதை ஒளித்துச் சொல்லவில்லை. தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கும் பெருந்தன்மையோடு சொன்னார்.

அடுத்த மாதம் ஒப்பந்தப்படி சரிபார்க்கும் வேலை வந்தது. யாராவது ஒருவர் இல்லத்துக்குப் போய், பட்டியலில் உள்ளதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். மேனேஜருக்கு அந்த வெயிலில் அவ்வளவு தூரம் போக மனமில்லை, என்னை அனுப்பினார். இரண்டு கதவு, இரண்டு பூட்டு. என் பத்தாக்காவை, அதாவது லேபர் கார்டை, வாங்கி வைத்துக்கொண்டு, பாக்கெட்டைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். முற்றத்தில் ஊஞ்சல் ஒன்று இருந்தது, வெயிலில் சங்கிலி சுடும் என்பதால் யாரும் ஆடவில்லை.

கிளினிக் பளிச்சென்று இருந்தது. முதுகு பெல்ட் இருபது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் அடுக்கியிருந்தது. எல்லாம் பெரிய ஆள் சைஸ். உப்பு மாத்திரை இரண்டு பெட்டி. நான் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். நர்ஸ் கதவருகில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லியான பெண்.

"காது டெஸ்ட் பண்ணுத மெஷின் லிஸ்ட்ல இருக்காண்ணே? கேம்ப் கிளினிக்ல வச்சிருப்பாங்களே, அது இங்க இல்ல."

"இல்ல சிஸ்டர். தேவையில்லன்னு எடுத்துட்டாங்க."

எடுத்துட்டாங்க. யார் எடுத்தார்கள் என்று சொல்லும் நாணயம்கூட எனக்கு இல்லை.

அவள் வெளியே போய் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தாள். ஒன்பது வயதிருக்கும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. தாய் வீட்டு வேலைக்கு வந்தவள். வேலை பார்த்த வீட்டிலிருந்து ஓடி, விசா போய், ஒளிந்து வாழ்ந்த காலத்தில் பிறந்தது இது. பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தாயைப் பிடித்து ஜெயிலில் வைத்தார்கள், பிள்ளையை இங்கே வைத்தார்கள். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது, பஞ்சின் ஓரம் மஞ்சளாக இருந்தது. கிட்டே வந்தபோது அடித்த வாடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை அந்தப் பிள்ளை பார்த்தாள். உடனே அவளாகவே வலது பக்கத்தை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றேன்.

"இப்ப நோகல்ல. படுத்தாத்தான் நோகும்" என்றாள். என் கையில் பட்டியல் செருகியிருந்த அட்டையையும் பேனாவையும் பார்த்தாள். "நீங்க டொக்டரா?"

"இல்லம்மா."

"அப்ப என்னத்த எழுதுறீங்க?"

அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் அவளுக்குப் பின்னால் போய் நின்று, இடது பக்கமாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டது ரகசியக் குரலில் இல்லை, சாதாரணமாக. பிள்ளை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.

வாரம் ஒரு முறை வரும் டாக்டர் ரெஜிஸ்டரில் கார்டு நம்பர் உள்ள பெயர்களை மட்டும் கூப்பிடுவார் என்று நர்ஸ் சொன்னாள். கொடுமைக்காரர் இல்லையாம், நம்பர் இல்லாமல் மருந்து எழுதினால் கம்பெனி அவரிடம் விளக்கம் கேட்கும், அந்தத் தொல்லை எதற்கு என்று விட்டுவிடுகிறாராம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவரைப் பார்த்துக் கோபப்படுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. திரும்பும் வழியில் டாக்சியில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக்.

மறுநாள் மேனேஜரிடம் பேசினேன். பதினோராவது பிரிவை மாற்றி ஒரு திருத்தம் அனுப்பலாம், கார்டு இல்லாவிட்டால் இல்லத்தின் ரெஜிஸ்டர் நம்பர் போதும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றேன்.

"திருத்தம்னா கமிட்டி மறுபடி கூடணும்" என்றார். "ஏன் திருத்தம்னு கேப்பான். நாம தப்பா எழுதிட்டோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? அடுத்த டெண்டர் நமக்குத் தருவானா? யோவ், அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணு ரெண்டு மாசத்துல அவுட்பாஸ் வாங்கி ஊருக்குப் போயிடும். அங்க அவங்க பாத்துக்குவாங்க."

அவுட்பாஸ் என்றால் பாஸ்போர்ட் இல்லாதவர்களை ஊருக்கு அனுப்பத் தரும் காகிதம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஏற்பாடு நடப்பதாகத் துறையில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளையின் காதைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குப் பிள்ளை எப்போது தொலையும் என்பது மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

எனக்கும் வெட்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது போல. அன்று சாயங்காலம் ரோலா பஸ் ஸ்டாண்டில் நின்று நர்ஸுக்குப் போன் செய்தேன். "சிஸ்டர், எமர்ஜென்சி லிஸ்ட்ல மயங்கி விழறதுன்னு ஒண்ணு இருக்கு. விழுந்தா கார்டு இல்லாமயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்."

"அது மயங்கி விழலையேண்ணே. தள்ளாடுது, அவ்வளவுதான்."

"விழுந்துச்சுன்னு எழுதுங்க."

"பொய் எழுதுனாத்தான் வைத்தியமா? நல்லா எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். ஆனால் எழுதினாள். மறுநாளே பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கே காது டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். காதுக்குள் தேவையில்லாத தோல் வளர்ந்து பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காது இனி அரைகுறைதான், ஆனால் ஆபரேஷன் செய்து அதை எடுக்காவிட்டால் மூளைக்குப் போகும், தள்ளிப்போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரத்தில் ஒரு நாளும் குறித்தார். கிளினிக் கம்பெனியிடமிருந்து ஒப்புதல் கடிதம் மட்டும் வேண்டும்.

கிளினிக் கம்பெனி உஷாரான கம்பெனி. மயங்கி விழுந்தது எமர்ஜென்சிதான், அதற்கு மருந்து கொடுத்தாகிவிட்டது. அதைத் தொடர்ந்து வரும் ஆபரேஷனும் எமர்ஜென்சியில் சேருமா என்று எங்களிடம் விளக்கம் கேட்டு ஃபார்ம் அனுப்பியது. அது நேராக என் மேசையில் வந்து விழுந்தது. ஒரு பிள்ளையின் தலைக்குள் நடக்கும் காரியத்துக்கு டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. 'சேரும், உடனே ஒப்புதல் அளிக்கவும்' என்று அடித்து ஒரு மணி நேரத்துக்குள் மேனேஜரின் முன்னால் வைத்தேன்.

படித்தார். பேனாவை எடுக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து கடிதத்தை உள்ளே வைத்து மூடினார்.

"சார், அடுத்த வாரம் ஆபரேஷன் நாள் குறிச்சிருக்காங்க."

"சேரும்னு சொன்னா, அப்ப முதல் தடவை ஏன் முடியாதுன்னீங்கன்னு கேப்பான். சேராதுன்னு சொன்னா, நாளைக்கு அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழும். எதுக்கு வம்பு? பதினாலு நாள் இருக்குல்ல, இருக்கட்டும்."

ஃபேக்ஸ் மெஷின் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. லெட்டர்ஹெட் என்னிடம் இருந்தது. அவர் ஊருக்கு லீவில் போகும்போதெல்லாம் அவருக்குப் பதிலாக நான்தான் கையெழுத்துப் போடுவேன், அவர் சொல்லித்தான் போடுவேன், எனக்கு அது அத்துபடி. இன்னொரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் போதும். என் விசா அவர் கையில் இருந்தது, அதனால் பயந்தேன் என்று பிற்பாடு ரூமில் சொல்லிக்கொள்வேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்த டிராயரைப் பார்ப்பேன், இன்று அவரே எடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொள்வேன், டீ வரும், குடிப்பேன், வேறு வேலையில் உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவு சாதாரணமாகத்தான் நாள் போயிற்று. கோழைத்தனம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் நர்ஸ் போன் செய்தாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஏழாம் நாள் செய்தாள், ஆபரேஷனுக்குக் குறித்த நாள் போய்விட்டது, டாக்டர் வேறு நாள் தருகிறேன் என்கிறார் என்றாள். மேலிடத்தில் இருக்கிறது என்றேன். மேலிடம் என்பது என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்த டிராயர். பத்தாம் நாள் அவள் நம்பரைப் பார்த்துவிட்டு நான் போனை எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எடுத்தேன்.

"அண்ணே, பிள்ளையக் கொண்டு போயிட்டாங்க. காலையில வந்தாங்க. அவுட்பாஸ் ரெடியாம். அம்மையையும் ஜெயில்ல இருந்து நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வாறாங்களாம்."

"பயணம் பண்ணலாம்னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணுமே சிஸ்டர்."

"அதுக்குத்தான் கார்டு வேண்டாம்னு எழுதி வச்சிருக்கீங்களே!" என்றாள். "என்னைய எழுதச் சொன்னாங்க, நான் மாட்டேம்னுட்டேன். டாக்டரு எழுதுனாரு. பிள்ளையப் பாக்கக்கூட இல்ல. பேரு கேட்டு எழுதிட்டாரு."

உண்மைதான். அடிபட்ட தொழிலாளியைச் சீக்கிரமாக ஊருக்கு ஏற்றிவிடக் கேம்ப் ஃபைலில் அந்த வசதியைச் செய்து வைத்திருந்தோம். அதற்கு மட்டும் கார்டு தேவையில்லை. நாங்கள் எழுதிய அறுபது பக்கத்தில் அந்தப் பிள்ளைக்குத் தடையில்லாமல் கிடைத்த ஒரே வைத்தியம் அது.

"ஸ்கேனும் டாக்டர் எழுதுன காகிதமும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அவ பையில வச்சிருக்கேன்" என்றாள் நர்ஸ். "ஊருல போய் எறங்குன உடனே ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லு, அம்மைட்ட மறக்காமச் சொல்லுன்னு சொன்னேன். எந்தப் பக்கத்துக் காதுல சொன்னேன்னே எனக்கு இப்ப ஓர்மை இல்லண்ணே. அவசரத்துல சொன்னேன். கேட்டுச்சோ என்னமோ."

நான் ஏதோ சொன்னேன். ஆறுதல் மாதிரி ஒன்று. அவள் போனை வைத்துவிட்டாள்.

பதினாலாம் நாள் காலையில் மேனேஜர் டிராயரைத் திறந்தார். கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்தார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நான் அடித்தபடியே, சேரும், உடனே ஒப்புதல் அளிக்கவும் என்ற அதே கடிதத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிடுச்சு" என்றேன்.

"தெரியும். அதனாலதான் இப்ப போடறேன்" என்றார். "நாளைக்கு எவனாவது கேட்டா நாம முடியாதுன்னு சொல்லவே இல்லையே. டைமுக்குள்ள சரின்னுதானே சொல்லியிருக்கோம்."

சிரித்துக்கொண்டே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். ஃபேக்ஸில் வைத்து நம்பரை அழுத்தினேன், ஒன்று கிளினிக் கம்பெனிக்கு, இன்னொன்று இல்லத்துக் கிளினிக்குக்கு. இரண்டும் ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தன.

பத்து நிமிடத்தில் நர்ஸ் கூப்பிட்டாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"லெட்டர் வந்திருக்குண்ணே" என்றாள். "பிள்ளைய உடனே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு போட்டிருக்கு. யாரக் கூட்டிட்டுப் போவட்டும்?"

மேனேஜர் தன் மேசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினாலாவது நாளில் பதில் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலை மூட முடியாது.

"கிடைச்சதுன்னு ஸ்டாம்ப் போட்டு, இன்னைக்குத் தேதி போட்டு, ஒரு காப்பி திருப்பி அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றேன்.